அப்பா நூலைக் கொளுத்திப் பார்த்த ஊர்

சித்திரை லீவுக்குச் சென்னிமலை வந்து நாலு நாள் ஆகிறது. வீட்டுக்கு வருகிற ஒறம்பரை ஒருத்தரையும் விடாமல் அம்மா வியட்நாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். "பாலத்து மேல நீளமா ஒரு டிராகன் படுத்திருக்குதுங்க அக்கா. ராத்திரி ஒம்பது மணி ஆச்சுன்னா நெருப்பக் கக்குது, அப்புறம் அதே வாயில தண்ணியும் ஊத்துது." பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நெசம்தான் என்று தலையாட்டினேன். டா நாங் நகரில் ஹான் ஆற்றின் மேல் 666 மீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு பாலம் 2013-ல் கட்டித் திறந்திருக்கிறார்கள். வேடிக்கை வார இறுதியில் மட்டும்தான். அம்மா கதையில் அது தினமும் நடக்கிறது. நான் திருத்தவில்லை.

நான் அங்கே போய் இது மூன்றாவது வருடம். சைகோன் என்கிற ஹோ சி மின் நகரத்தை ஒட்டியிருந்து, 2025-ல் அதோடு சேர்ந்துவிட்ட பின் யுவோங்கில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். திருப்பூரில் பார்த்த வேலைதான், மெஷின்கூட அதேதான். மனிதர்களும் பேச்சும்தான் வேறு. 'மா' என்ற ஒற்றை அசையை ஆறு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு இழுப்பில் அம்மா, ஒரு இழுப்பில் பேய், இன்னொன்றில் குதிரை, இன்னொன்றில் நெல் நாற்று. முதல் ஆறு மாதம் நான் வாயைத் திறந்தாலே தையல் லைனில் சிரிப்பு. பணமும் அப்படித்தான். நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். சம்பளம் கோடிக்கணக்கில் வருகிறது என்று ஊருக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். ஒரு தோசைக்கு இரண்டு லட்சம் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

இந்த மாசியில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்கு வெசனம். எதைத் தொட்டாலும் மீன் சாறு ஊற்றியிருக்கும் நாடு அது. வந்த மூன்றாம் நாள் அமாவாசை, அம்மாவுக்கு விரதம். அன்று பார்த்தால் தெருவுக்கு நாலு கடையில் 'சாய்' என்று எழுதிய பலகை தொங்கியது. அங்கே 'சாய்' என்றால் சைவம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கவுச்சி தொடாத வீடுகள் அங்கே நிறைய உண்டு. "அட, இவங்களும் நம்ம மாதிரித்தானாக்கு" என்று அம்மா ஒரு கிண்ணம் டோஃபுவைக் காலி செய்தார்.

அப்புறம் மூன்று நாள் டூர். சைகோனிலிருந்து டா நாங் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். கைடு இருபத்தைந்து வயதுப் பையன். அந்த ஊரில் யாரையும் வெறும் 'நீ' என்று கூப்பிட முடியாது. அண்ணன், அக்கா, சித்தப்பா என்று வயசுக்கு ஒரு முறை வைத்துத்தான் பேச வேண்டும். அவன் அப்பாவை 'பாக்' என்றான். பெரியப்பா என்று அர்த்தம் சொன்னேன். அதிலிருந்து அப்பா அவனைத் "தம்பி, தம்பி" என்று தமிழிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார், அவனும் திரும்பிப் பார்த்தான். "முதல் நாள் நாளைய ஊர், இரண்டாம் நாள் நேற்றைய ஊர்" என்பது தம்பியின் பல்லவி. தினம் பத்துப் பேரிடம் சொல்லித் தேய்ந்த வரி என்று கேட்டவுடனே தெரிந்தது.

நாளைய ஊரான டா நாங்கில் கடற்கரை நன்றாகத்தான் இருந்தது. மீ கே கடற்கரைக்கு எதிரே கண்ணாடி ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. தூரத்து மலையில் 67 மீட்டர் உயரத்தில் வெள்ளையாக ஒரு போதிசத்துவர் சிலை. மண்ணில் சுண்டல் பொட்டலத்தைக்கூடக் காணோம். அம்மாவுக்கு அதுதான் குறை. "சுத்தமா இருக்குது, ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றார். அங்கேயிருந்து பளிங்குச் சிலைக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கமிஷன் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

டா நாங்கில் அப்பா அம்மா வாய் பிளந்து நின்றது சாம் சிற்ப அருங்காட்சியகத்தில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1919-ல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் லிங்கம், ஆவுடையார், நந்தி, பிள்ளையார். அம்மா படக்கென்று வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். இந்தப் பக்கத்தை ஆண்ட, சாம் மக்களின் சம்பா அரசர்கள் சிவனைக் கும்பிட்டார்கள், சமஸ்கிருதத்தில் கல்வெட்டு வெட்டினார்கள், பத்ரவர்மன் என்ற ராஜா நாலாம் நூற்றாண்டிலேயே மீ சோன் என்ற இடத்தில் கோயில் எழுப்பினார் என்று தம்பி சொல்லச் சொல்ல நான் கொங்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 1969-ல் அமெரிக்கக் குண்டு விழுந்து அங்கே பெரிய கோபுரம் ஒன்று இடிந்துபோனது. 2020-ல் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று கிடைத்தது. "அப்ப அங்கல்ல மொதல்ல போயிருக்கோணும்?" என்று அப்பா கேட்டார். மீ சோன் எங்கள் பேக்கேஜில் இல்லை. பளிங்குக் கடை இருந்தது.

மறுநாள் நேற்றைய ஊர். டா நாங்கிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர், ஹோய் ஆன். காகிதத்தில் பார்த்தால் இப்போது இரண்டும் ஒரே ஊர்தான். 2025 ஜூலையில் மாகாணங்களைச் சேர்த்தபோது ஹோய் ஆனையும் டா நாங்கோடு இணைத்துவிட்டார்கள். பழைய தெருக்களுக்குள் போக வெளிநாட்டாருக்கு 1,20,000 டாங் சீட்டு. யுனெஸ்கோ 1999-ல் பட்டியலில் சேர்த்த ஊர், மஞ்சள் சுவர், ஓட்டு வீடு, கூண்டு விளக்கு என்று தம்பி சொன்னதைக் கேட்டு, தாராசுரம் மாதிரி அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன்.

இறங்கிப் பார்த்தால் திருப்பூர் காதர்பேட்டை! வீட்டுக்கு வீடு கடை, கடைக்குக் கடை துணி. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறை. இன்று அளவு கொடுத்தால் நாளைக்குக் கோட்டு சூட்டு ரெடி. புது ஊர் கடலைப் பார்த்துக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, பழைய ஊர் பிழைப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பியின் பல்லவியை நான் திருப்பித்தான் போடுவேன்.

ஜப்பான், சீன வியாபாரிகள் வந்து குடியேறிய துறைமுகம் இது. து போன் ஆற்றில் மணல் மேவிப் பெரிய கப்பல் உள்ளே வர முடியாமல் போனதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட்டது. இடித்துக் கட்டப் பணம் வராததால் பழைய வீடுகள் அப்படியே தப்பித்தன. இதைக் கேட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம கொடுமணலும் இப்படித்தான இருந்திருக்கும்" என்றார். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் கொடுமணல், நொய்யல் கரை. மேற்குக் கடற்கரைக்குப் போகிற பெருவழியில் கல்மணி செய்து விற்ற ஊர், பதிற்றுப்பத்திலேயே பேர் வருகிறது. அங்கே நிற்க ஒரு சுவர்கூடக் கிடையாது. தோண்டி எடுத்ததெல்லாம் போக மிச்சம் காடு. நொய்யல் தண்ணீரைச் சாயப்பட்டறை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நான் சோறு தின்னதும் அந்தத் தொழிலில்தான்.

சரி, துணிக்கு வருகிறேன். ஒரு கடையில் பட்டுச் சட்டை தைக்கலாம் என்று நான்தான் கூட்டிப்போனேன். அப்பா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். கடைக்காரம்மா விரித்த துணியைக் கையில் வாங்கி, கரையைத் திருப்பிப் பார்த்து, ஓரத்திலிருந்து நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று உருவினார். மூலையில் சாமி மேடையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பாவு நூல் மயிர் கருகும் நாற்றத்தோடு சாம்பலாக உதிர்ந்தது. ஊடை நூல் சுருண்டு உருகிக் கடுகு மாதிரி கெட்டியாகிவிட்டது. "பாவு பட்டு, ஊடை பாலியஸ்டர். தறிக்காரங்கிட்டயே சொல்றாங்க பாரு" என்றார். எனக்குத்தான் சங்கடம். கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார், உள்ளே போய் வேறொரு பீஸ் கொண்டுவந்து போட்டார். இந்த முறை இரண்டு நூலும் சாம்பல். விலையும் ஒன்பது லட்சத்துக்கு ஏறியது. அப்பாவுக்கு என்ன தொழில் என்று கடைக்காரம்மா கேட்டார். கையைத் தறியில் நாடா ஓட்டுவதுபோல அசைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் எங்களுக்கு டீ வந்தது.

சட்டை எங்கே தைக்கிறார்கள் என்று எனக்கு அரிப்பு. சாயங்காலம் பார்த்தேன். வெட்டின துணியை மூட்டையாகக் கட்டி ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் சந்துக்குள் ஓட்டிப் போனான். நம்மூரில் டிவிஎஸ் 50-ல் போகிற அதே மூட்டை, அதே ஜாப் ஒர்க். மறுநாள் காலையில் ஓட்டலுக்குச் சட்டை வந்தபோது உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல். பாஸ் பண்ணலாம்.

அளவு கொடுத்த அன்று ராத்திரி ஆற்றில் விளக்கு விட்டோம், படகில் போனோம். படத்தில் பார்க்கிற மாதிரியே இருக்கும், எழுத ஒன்றுமில்லை. திரும்பும்போது ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. இடைவெளியே இல்லாமல் ஸ்கூட்டர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்காதீங்க, ஓடாதீங்க, ஒரே சீரா நடங்க, அவங்க வளைச்சுப் போயிக்குவாங்க" என்றேன். முதல் வாரம் சைகோனில் இதே போல ஒரு ரோட்டோரம் அரைமணி நேரம் நின்று, கடைசியில் ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்து அக்கட்ட கொண்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

இப்போது அப்பா திண்ணையில் அந்தப் பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், முகூர்த்தத்துக்குப் போய்விட்டு வந்த களைப்பு. அவர் கேட்டு வைத்த உள்பாக்கெட்டில் ஒரு 20,000 டாங் நோட்டு இருக்கிறது. பின்பக்கம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம், கூரை போட்ட மரப்பாலம். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, "இந்தப் பாலத்து மேல நடந்தனுங்க" என்கிறார். இன்றைக்குத் தறிக்கூடத்துச் சித்தப்பா நோட்டை வாங்கிச் சைபரை எண்ணிப் பார்த்தார்.

"இருபதாயிரமா! நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?"

"அறுபத்தஞ்சு, எழுபது ரூபாய்ங்க சித்தப்பா."

"அவ்வளவுதானா" என்று அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை மடிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டார்.