நல்லாசிரியர் விருதுக்குக் கோப்பு தயாரித்த கதை

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியைக்கு நல்லாசிரியர் விருது கிடைக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பல ஆண்டுகளாகப் பேச்சு உண்டு. பேச்சோடு சரி. விண்ணப்பத்தை அவரே போட வேண்டும், அவரோ, "என்னைப் பற்றி நானே எழுதிக்கொள்வதா?" என்று நழுவிவிடுவார். ஒரு வருடம் சுற்றறிக்கை வந்த கையோடு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "கணக்கு சார், கோப்பை நீங்கள் தயார் செய்துவிடுங்கள். டீச்சரிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு."

நல்லாசிரியர் விருது என்று நாம் சொல்வதன் முறையான பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது. அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ ஒட்டி மாநில அரசு வழங்குகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். மத்திய அரசின் தேசிய விருது வேறு, அதன் தொகை 50,000 ரூபாய். மாநில விருதுக்கு மாவட்டக் குழு பரிந்துரைக்கும், மாநிலக் குழு முடிவு செய்யும். வகுப்பறையில் பாடம் நடத்துபவராக இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது, டியூஷன் கூடாது, கட்சி அரசியல் கூடாது.

இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டியதும் டீச்சர் சிரித்துவிட்டார். ஆண்டுதோறும் மாணவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய், சோழர் காலத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டின் எழுத்துகளைத் தடவிப் பார்க்க வைப்பவர் அவர். "பராந்தகச் சோழன் காலத்திலேயே இதெல்லாம் உண்டு, சார். 919-இல் வெட்டிய கல்வெட்டு, வாரிய உறுப்பினருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள் என்கிறது. 921-இல் அதை 35, 70 என்று மாற்றிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் திருத்தச் சுற்றறிக்கை!" கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் தேர்வுக்கு வர முடியாது என்ற விதியைச் சொல்லி, "அதை மட்டும் நம் ஆட்கள் விட்டுவிட்டார்கள்" என்றார்.

பணிப்பதிவேட்டு நகல், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு, நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற சான்று எல்லாம் சீக்கிரமே சேர்ந்துவிட்டன. ஆனால் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஒரு வரலாற்று ஆசிரியரை எடைபோட முடியாது. சமூக அறிவியலில் பெரும்பாலும் எல்லோரும் தேறிவிடுகிறார்கள். அறிவியல் ஆசிரியருக்குக் கண்காட்சிச் சான்றிதழ் இருக்கும், உடற்கல்வி ஆசிரியருக்குக் கோப்பைகள் இருக்கும். நம் டீச்சருக்கு என்ன இருக்கிறது? வகுப்பில் போட்டோ எடுப்பதே அவருக்குப் பிடிக்காது.

இருந்தவை, பீரோவின் அடித்தட்டில் கயிறு கட்டி வைத்திருந்த நோட்டுகள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டில் எழுதிய ஊர் வரலாறு. ஒரு மாணவி தன் பாட்டியிடம் பேட்டி எடுத்திருந்தாள். மதிய உணவு போடத் தொடங்கிய வருடம்தான் தன்னைப் பள்ளியில் சேர்த்தார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். காமராசர் ஆட்சியில் அந்தத் திட்டம் 1956-இல் வந்தது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலோ பாட்டியின் பெயர் 1958-இல் இருக்கிறது. அந்தப் பெண் பாட்டி சொன்னதை அடித்துவிட்டுப் பதிவேட்டின் ஆண்டை எழுதியிருக்கிறாள். ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மை: "அடிக்காதே. இரண்டையும் எழுது. திட்டம் நம் ஊருக்கு எப்போது வந்தது என்று விசாரி." அடுத்த பக்கத்தில் விசாரித்து எழுதியிருக்கிறாள். கோப்பில் இதைத்தான் முன்னால் வைத்தேன்.

பழைய மாணவர்களிடம் கடிதம் கேட்டோம். "தன்னலமற்ற", "அர்ப்பணிப்பு மிக்க", "ஒளிவிளக்கு" என்று வந்து குவிந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இவை மெய்க்கீர்த்தி, சார், கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனைப் புகழ்ந்து எழுதுவது மாதிரி. மெய்க்கீர்த்தியை அப்படியே நம்பாதே என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்." அவர் கையிலிருந்து தப்பியது நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் ஒருவருடைய கடிதம். பழைய ஆவணம் எது வந்தாலும் எழுதியவர் யார், எப்போது, யாருக்கு லாபம் என்று முதலில் பார்க்கும் பழக்கம் ஒன்பதாம் வகுப்பில் வந்தது என்று எழுதியிருந்தார். ஒரு பக்கம்கூட இல்லை. அது போதும்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றியதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி நாளில் தளம் திணறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்கேன் செய்த கோப்புகளின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல் முயன்று பாருங்கள்.

மாவட்டக் குழுவின் முன் டீச்சருடன் நானும் போனேன், உள்ளே விடவில்லை. முதல் கேள்வியே தேர்ச்சி விழுக்காடுதானாம். பிறகு ஓர் அதிகாரி நோட்டைப் புரட்டத் தொடங்கி, மற்றவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்ட பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாராம். பாட்டி கதைக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்டாராம். "முடிவு வரவில்லை, ஐயா. இன்னும் இரண்டு பாட்டிகளைக் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் டீச்சர். இப்படியா பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டியல் வெளியானபோது டீச்சரின் பெயர் இருந்தது.

சென்னையில் விழா முடிந்து பதக்கம் வந்துவிட்டது. நோட்டுகள் வரவில்லை. பரிசீலனைக்கு என்று அசலை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால், ஒப்புதல் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். டீச்சர் இப்போது அந்த அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறார், ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு.