வன்சென் கோட்டை முன்றலில் ஒரு பழைய சித்ரோயன்

பாரிஸ் புறநகரில் குடியேறும் எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கார் வாங்க வேண்டுமென்றால், அடிக்கடி கராஜுக்குப் போகாத ஒரு ஜப்பானிய வண்டியைத் தேடுவதே வழக்கம். பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயன் 1984ஆம் ஆண்டில் தயாரித்த தூ ஷெவோ என்ற சிறிய கார் ஒன்றை நான் வாங்கி வந்தபோது, "உந்தத் தகரத்துக்கோ தம்பி காசு குடுத்தனீ?" என்று மாமா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மெல்லிய தகட்டாலான அந்த வண்டியை வாங்க வருபவர்கள், அதன் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, முதலில் தட்டிப் பார்ப்பதே துருவுக்காகத்தான்.

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி, பிரெஞ்சு விவசாயிகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஐம்பது கிலோ உருளைக்கிழங்கை ஏற்ற வேண்டும், உழுத வயலைக் கடக்கும்போது கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பவை அன்றைய சித்ரோயன் நிறுவனத் தலைவர் பியேர் பூலான்ஜே விதித்த நிபந்தனைகள். அதற்காகவே ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தின் சுருள்வில்லும் பின்சக்கரத்தின் சுருள்வில்லும் ஒரே உருளைக்குள் இணைக்கப்பட்டன. என் வண்டியில் இருப்பது 602 சிசி எஞ்சின். இரண்டே சிலிண்டர்கள், காற்றே அவற்றைக் குளிர்விக்கிறது, ரேடியேட்டர் கிடையாது. மூடியைத் திறந்தால் எது எதற்கென்று கண்ணுக்குத் தெரியும் எஞ்சின் என்பதுதான் என்னை ஈர்த்தது; இன்றைய கார்களின் பிளாஸ்டிக் உறைகளை எனக்குப் பிடிப்பதில்லை.

வண்டி வாங்கிய பின்னரே உரிமையாளர் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். இலாப நோக்கற்ற சங்கங்களுக்கான 1901ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆயிரக்கணக்கான சங்கங்களைப் போலவே அங்கும் ஆண்டுச் சந்தா, பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, அதன்மேல் நீண்ட வாக்குவாதம் எல்லாம் உண்டு. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களைப் பார்த்தவனுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, பாரிசின் கிழக்கு எல்லையிலுள்ள வன்சென் கோட்டை முன்றலில் பழைய வண்டிகள் கூடும் இடத்துக்கு எங்களிற் சிலரும் போவோம். அங்கே முதலில் கேட்கப்படுவது வண்டி எந்த ஆண்டுக்குரியது என்பதே. நான் 1984 என்றதும் ஒரு முதியவர், முன்சக்கரங்களில் டிஸ்க் பிறேக் வந்த பிறகு இந்த வண்டியின் பிறேக்குக்குப் பச்சை நிறக் கனிம எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், வழக்கமான பிறேக் எண்ணெய் உள்ளே போனால் ரப்பர்கள் எல்லாம் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். அதை அறியாத மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

பதிவுப் பத்திரத்தைச் சேகரிப்பு வண்டிக்குரியதாக மாற்றவும் கழகத்தார்தான் வழிகாட்டினார்கள். முப்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், அந்த மாதிரி இப்போது தயாரிக்கப்படக் கூடாது, பழைய வாகனங்களுக்கான பிரெஞ்சுக் கூட்டமைப்பின் சான்றிதழ் வேண்டும். கிடைத்துவிட்டால் தொழில்நுட்பப் பரிசோதனை இரண்டு ஆண்டுக்கொருமுறை அல்ல, ஐந்து ஆண்டுக்கொருமுறை. வதிவிட அட்டைக்காக வரிசைகளில் நின்று பழகிய எனக்கு, தகரத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை சற்றுப் பொறாமையைத் தந்தது என்றே சொல்ல வேண்டும்.

சித்ரோயனின் சொகுசுக் காரான டிஎஸ் வைத்திருப்பவர்கள் தம் வண்டியைத் துணியால் துடைத்தபடியே பேசுவார்கள். தூ ஷெவோக்காரர்கள் கையில் கறையோடு நிற்பார்கள். எனக்கு இவர்களிடமே பேச்சு நீண்டது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமற் போனதையும், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டியதையும் ஒருநாள் விவரித்தேன். அனுதாபம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், கேள்விகள்தான் வந்தன. சிலிண்டருக்குள் எரிகலவையை அழுத்தும் அளவு, அதாவது அமுக்க விகிதம், குறைந்த எஞ்சின் என்பதால்தான் தாங்கியதா, பிளக்குகளில் எவ்வளவு கரி படிந்தது, புகை எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தன் தந்தை காரின் பின்னால் கொதிகலன் போன்ற வாயு உலை பொருத்தி, கரியிலிருந்து எடுத்த வாயுவில் ஓட்டியதை ஒருவர் சொன்னார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பிந்தினோம்.

நூற்றுக்கணக்கான பழைய வண்டிகள் பாரிசைக் கடந்து செல்லும் ஊர்வலம் ஜனவரியில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக நடக்கிறது. தூ ஷெவோவில் வெப்பமூட்டல் என்பது எஞ்சினைக் கடந்த காற்றைக் குழாய் வழியே உள்ளே விடுவதுதான். ஜனவரியில் அது முழங்காலுக்கு மேலே எட்டுவதில்லை. ஆகவே என் மனைவி கோடை ஊர்வலத்துக்கு மட்டும், துணிக்கூரையைச் சுருட்டித் திறந்து வைக்கும் நிபந்தனையோடு வருகிறார்.