பல்கனிச் செவ்வரத்தை: கொப்பு நட்டதிலிருந்து பூ ஊறவைத்தது வரை

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் பல்கனி இருந்தால் செவ்வரத்தைக்கு அது போதும். மருந்துக்கென்றால் ஐந்து இதழ் உள்ள பழைய சிவப்பு இனத்தையே எடுங்கள். பெரிய பூக் கலப்பினங்கள் வடிவுதான், ஆனால் பல சொந்த வேரில் சோம்பும், ஒட்டுக்கன்றாகத்தான் தேறும்.

பென்சில் தடிப்பில், பச்சை மாறி மண்ணிறம் ஏறத் தொடங்கிய கொப்பு, 15 சென்ரிமீற்றர் நீளம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்க வேண்டும். ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதி. தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். நிழலில் நான்கு முதல் ஆறு கிழமையில் வேர் பிடிக்கும். அதற்கு முன்பே துளிர் வந்தால் ஏமாறக் கூடாது. கொப்பில் உள்ள சேமிப்பை வைத்தே அது துளிர்க்கும். இழுத்துப் பார்த்தால் இளவேர் அறுந்துவிடும். மே மாத மழையில் சாடியை வெளியே விட்டால் அடி கறுத்து அழுகும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கட்டட வேலை நடந்த இடத்து மண்ணில் சீமெந்து கலந்திருந்தால் இது வரும். மண்ணை மாற்றுவதே வழி. நுனியில் வெள்ளைப் பஞ்சு கண்டால் முதலில் எறும்பைத் தடுங்கள், மாவுப்பூச்சியைக் காவலிட்டு வளர்ப்பது அதுதான். ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, காலையில் கழுவிவிடலாம். புதுக்கொப்பில்தான் பூக்கும் என்பதால் மெலிந்து நீண்டதை மூன்றில் ஒரு பங்கு வெட்டத் தயங்க வேண்டாம்.

தலைக்கு: 15 இலையைக் கொஞ்ச நீரில் கசக்கி, வரும் வழுவழுப்பை வடித்துத் தேய்க்கலாம். முடி மிருதுவாகும், எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகாது.

குடிப்பதற்கு, மருந்தடிக்காத ஐந்து பூவின் இதழ்கள் மட்டும், 250 மில்லிலீற்றர் சுடுநீரில் ஐந்து நிமிடம். ஊதா நிறமாக இறங்கும் நீர் தேசிப்புளி பட்டதும் பளிச்சென்று சிவக்கும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பேசப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ரோசெல் என்ற வேறு இனத்தின் புளிப்பான புல்லியை (பூவின் அடியைச் சுற்றியுள்ள உறையை) பற்றியவை, இந்தப் பூவைப் பற்றியவை அல்ல. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டே குடிக்கலாம்.