தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும் ஊர்

கேரளத்து ஆலப்புழையில் படகுவீடு எடுக்கச் சொல்லி நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். நான் ஏறியது கோட்டயம் போகும் அரசுப் படகில். ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம், பார்ப்பதில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பிடிபட்டது: படகு மேலே போகிறது, வயல் கீழே கிடக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் நடந்த ஆளின் தலைமுண்டு மட்டும்தான் தெரிந்தது.

இந்தப் பகுதிக்குக் குட்டநாடு என்று பெயர். இதன் வயல்கள் பல, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. சில இடங்களில் 2 மீட்டர் வரை பள்ளம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று நாலு ஆறுகள் வந்து விழும் சதுப்பு. காயல் என்கிற உப்பங்கழிக்குள் தென்னங்கட்டையும் மூங்கிலும் அடித்து, சேற்றை வாரி நிரப்பிக் கரை எழுப்பி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துத்தான் நிலம் எடுத்திருக்கிறார்கள். 1940களில் முரிக்கன் என்பவர் அப்படி எடுத்த சித்திரா, மார்த்தாண்டம், ராணி ஆகிய மூன்று காயல் நிலங்களுக்கும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன். ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டே வளர்ந்த வீடு. இங்கே ஐப்பசியில் மோட்டார் ஓடுவது தண்ணீரை வெளியே தள்ள!

அந்த மோட்டாரைப் பார்க்கவே ஒரு துறையில் இறங்கினேன். 'பெட்டியும் பறையும்' என்கிறார்கள். செங்குத்தாக நிற்கும் மர உருளைதான் பறை. அதற்குள் விசிறி சுழன்று தண்ணீரை மேலே தூக்க, பக்கத்தில் பொருத்திய நீள மரப்பெட்டி வழியாக அது கரையைத் தாண்டி ஆற்றில் கொட்டுகிறது. பலகை இடுக்கெல்லாம் ஒழுக்கு. மோட்டார்க்காரர் கிழிந்த சாக்கைத் திணித்துக்கொண்டே பேசினார். அந்தக் காலத்தில் இதே வேலையைச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து காலால் மிதித்துச் செய்தார்களாம்.

ஒரே கரைக்குள் பலருடைய நிலம். அதற்குப் பாடசேகரம் என்று பெயர். இறைப்பதும் விதைப்பதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தான். தனியாக எவரும் முந்த முடியாது. அவரவர் போர் போட்டுக்கொள்ளும் எங்கள் பக்கம் இது நடக்குமா என்று யோசித்தேன். சந்தேகம்தான்.

ஆறு வற்றும் மாதங்களில் கடல் உப்பு ஏறிவிடும். அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் ஷட்டர் போட்ட தடுப்பணை உண்டு. நெல் பிழைக்கிறது, ஆனால் உப்புநீரோடு ஏறி வரும் இறாலும் மீனும் நின்றுபோக, மீனவர்களுக்கு அதன்மேல் தீராத கோபம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

அறுப்பு முடிந்ததும் வாத்து மேயும். பிறகு விவசாயிகளே தண்ணீரை உள்ளே விட்டு வயலை மூழ்கடிக்கிறார்கள், மண்ணின் புளிப்பு கழுவிப் போகட்டும் என்று. "அறுப்பு வண்டி உங்க தமிழ்நாட்டுலேர்ந்துதான் வரும்" என்றார் மோட்டார்க்காரர். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் 'எம்' கூட இங்குள்ள மங்கொம்பு என்ற ஊர்தான்.

இரவு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"தண்ணிய வெளியிலயா கொட்றானுங்க? நம்ம வாய்க்கால் பக்கம் திருப்பிவிடச் சொல்லு" என்றார். "சரி, என்ன ரகம்?"

"உமா. சிவப்பரிசி, மங்கொம்பு ஆராய்ச்சி நிலையத்து ரகம்."

"ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணுதாம்?"

அதை மட்டும் கேட்காமல் வந்திருந்தேன்.