பெயர் நருமி, ஊர் அரிமட்சு

என் மேசைக்கு மேலே ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படம் ஒன்றின் மறுபதிப்பை மாட்டி வைத்திருக்கிறேன். எதோ நகரத்திலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோ போகும் தோக்கைதோ சாலையில் இருந்த 53 சத்திர ஊர்களையும் அவர் வரைந்தார். 1833-34 வாக்கில் வந்த அந்த வரிசையில், இது நருமி. ஆனால் படத்தில் தெரிவது நருமிக்குச் சற்று முன்னால் வரும் அரிமட்சு. தலைப்பிலேயே 'பெயர்பெற்ற அரிமட்சு ஷிபோரி' என்று இருக்கிறது.

ஷிபோரி என்பது முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணி. நம் மதுரைச் சுங்குடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1608-ல் சாலையோரம் புதிதாகக் குடியேறியவர்களுக்கு அங்கே பயிர் செய்து பிழைக்க வழியில்லை. வழிப்போக்கர்களுக்குச் சாயத்துண்டு விற்றுத்தான் ஊர் நிமிர்ந்தது.

படத்தில் வாசல் திறந்த இரண்டு பெரிய கடைகள். பெண்கள் நடந்து போகிறார்கள், ஒரு பல்லக்கும் போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒரே குறை: முடிச்சுப் போடுகிறவர் ஒருவர்கூட இல்லை.

அதைப் பார்க்கத்தான் போன ஏப்ரலில் கிளம்பினேன். நகோயாவிலிருந்து ரயிலில் 20 நிமிடம். 1784-ல் ஊரே தீப்பிடித்து எரிந்தது. அப்புறம் ஓட்டுக்கூரையும் தடித்த பூச்சுச் சுவருமாகக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தெரு இன்னும் இருக்கிறது.

ஷிபோரி கூடத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மரத்தாங்கி, அதன் நுனியில் சின்னக் கொக்கி. துணியைக் கிள்ளிக் கொக்கியில் மாட்டி, மடிப்புகளை விரலால் ஒழுங்கு செய்து, அடியிலிருந்து நுனி வரை நூலைச் சுற்றினார். நான் இரண்டு முறை மூச்சு விடுவதற்குள் ஒரு முடிச்சு முடிந்தது. சாயம் தோய்த்து அவிழ்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சிலந்திவலையாக விரியும். இப்படி நூறு வகை முடிச்சு உண்டாம். ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரு வகைதான். அதனால் ஒரே துணி வீடு வீடாகப் போய் வரும்.

"எத்தனை வருஷமாச் செய்றீங்க பாட்டி?" என்று கேட்டேன். "சின்ன வயசிலிருந்து, அம்மா பக்கத்துல உக்காந்து" என்றார், கை நிற்காமல்.

கிளம்பும்போது சாயம் தோய்த்து, நூல் அவிழ்க்காத ஒரு துண்டு தந்தார். படத்துக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். இன்னும் அவிழ்க்க மனம் வரவில்லை.