கூட்டுக் குப்பை ஆணையத்தில் சேர்வதா வேண்டாமா: எங்கள் நகரம் முடிவெடுத்த விதம்

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய நகரம். கவுன்சிலில் மேயரையும் சேர்த்து ஐந்தே பேர். குப்பை அள்ள ஒரு தனியார் நிறுவனத்தோடு பல வருட ஒப்பந்தம் இருந்தது. அது முடியப்போகிற நேரத்தில், சுற்றியுள்ள நகரங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குப்பை ஆணையத்தில் நாமும் உறுப்பினராகலாமா என்று நகர நிர்வாகம் யோசனை சொன்னது. அதை ஆராய அமைத்த குடிமக்கள் குழுவில் நானும் இருந்தேன். நகரத்தின் பெயரும் ஆணையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். இதே கேள்வி வேறு ஊர்களிலும் எழுகிறது. அங்கே இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிரவுன் சட்டம் என்று இங்கே ஒன்று உண்டு, 1953-ல் வந்தது. கவுன்சில் எதைப் பேசப்போகிறது என்று 72 மணி நேரத்துக்கு முன்பே பட்டியல் வெளியிட வேண்டும். வெளியிட்டார்கள். ஆனால் விஷயம் ‘கன்சென்ட் காலண்டர்’ பகுதியில் இருந்தது. போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது, பில்களுக்கு ஒப்புதல் தருவது போன்றவற்றை விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றுகிற பகுதி அது. அதற்குள் ஒரு வரியாக, ஆணையத்தோடு பேச்சு நடத்த நகர நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான சிட்டி மேனேஜருக்கு அதிகாரம் அளித்தல் என்று கிடந்தது. சதி என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது வெறும் முதல் படி. ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் முதல் படிதான் பாதித் தூரம். எங்களில் சிலர் ஒரு கவுன்சிலருக்கு எழுதினோம். அவர் அந்த வரியைத் தனியே எடுத்து விவாதத்துக்கு வைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் குழு.

குழு அமைந்ததும் நான் செய்த முதல் காரியம், வாட்ஸாப்பில் எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப் போடலாமா என்று கேட்டது. சிட்டி கிளார்க் சிரித்துவிட்டு, “கூடாதுங்க, உங்க குழுவுக்கும் பிரவுன் சட்டம் உண்டு. பெரும்பான்மை உறுப்பினர்கள் வெளியில கூடிப் பேசினா அது ரகசியக் கூட்டம்” என்றார். ஆகவே பேசவேண்டியதையெல்லாம் பொதுமக்கள் முன்னால்தான் பேசினோம். பல மாலைகளில் அந்தப் பொதுமக்கள் என்பது ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் மட்டும்தான். அவர் கேட்ட கேள்விகள் எங்களுடையதைவிடக் கூர்மை.

ஒரு சின்ன நகரத்துக்கு ஏன் இந்த ஆசை வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விலை மட்டும் காரணமில்லை. 2016-ல் எஸ்.பி. 1383 என்ற மாநிலச் சட்டம் வந்தது. லேண்ட்ஃபில்லுக்கு, அதாவது குப்பையைக் கொட்டிப் புதைக்கும் இடத்துக்கு, போகும் மக்கும் குப்பையை 2014 அளவிலிருந்து 2025-க்குள் 75 சதவீதம் குறைக்க வேண்டும், சாப்பிடத் தகுந்த நிலையில் தூக்கி எறியப்படும் உணவில் 20 சதவீதத்தை மீட்டு மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பவை அதன் இலக்குகள். விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் கடைக்கும் மக்கும் குப்பைச் சேவை தருவது, தொட்டிகளில் கலப்படம் இருக்கிறதா என்று சோதிப்பது, உணவு மீட்பைப் பதிவேட்டில் ஏற்றுவது, தலைக்கு ஆண்டுக்கு 0.08 டன் என்ற கணக்கில் உரம் போன்ற மறுஉற்பத்திப் பொருட்களை நகரமே வாங்குவது என்று எல்லாம் நகரத்தின் தலையில் விழுந்தன. தவறினால் அபராதம். எங்கள் நகராட்சியில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஊழியர், அவருக்கும் வேறு இரண்டு துறை வேலைகள். மழைநீர் வடிகாலும் அவர்தான், மரம் வெட்ட அனுமதியும் அவர்தான். ஆணையத்தில் சேர்ந்தால் இந்தச் சோதனை, பதிவேடு, அறிக்கை எல்லாவற்றையும் அவர்கள் ஆட்களே செய்துவிடுவார்கள். நிர்வாகம் உள்ளபடியே தேடியது அந்த நிம்மதியைத்தான். அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘செலவு மிச்சம்’ என்று மட்டும் சொன்னதுதான் குழப்பத்தை வளர்த்தது.

இப்படிப்பட்ட ஆணையங்களை இங்கே ஜே.பி.ஏ. என்பார்கள், கூட்டு அதிகார அமைப்பு. புதிது ஒன்றுமில்லை. அலமீடா கவுண்டியின் ஆணையம் 1976-லிருந்து இருக்கிறது, இப்போது ஸ்டாப்வேஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. சான் மேட்டியோ பக்கத்து நகரங்கள் 1982-ல் ஒன்று தொடங்கின. சான் கார்லோஸில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனும் (குப்பையைப் பெரிய லாரிகளுக்கு மாற்றும் இடம்) மறுசுழற்சிப் பொருட்களைப் பிரித்தெடுக்கும் ஆலையும் உண்டு. பல நகரங்களின் டன்னை ஒன்றாகத் திரட்டினால்தான் இப்படி ஒரு ஆலை கட்டுப்படியாகும். எங்களைப் போன்ற நகரம் தனியே கட்ட நினைப்பதே வீண்.

ஆலோசகர் ஒரு ஒப்பீட்டு அறிக்கை கொடுத்தார். டிப்பிங் கட்டணம், அதாவது லாரி குப்பையைக் கொட்ட டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குவது, தனியாரிடம் எவ்வளவு, ஆணையத்தில் எவ்வளவு என்று அழகான பட்டை வரைபடம். ஆணையத்தின் பட்டை குட்டையாக இருந்தது. முதல் இரண்டு கூட்டங்களும் அந்தப் படத்தைப் பார்த்தே கழிந்தன. அப்போதுதான் அந்தப் பொறியாளர் எழுந்து, “கட்டணத்தை வருஷா வருஷம் அவங்க போர்டு மாத்தலாம். மாத்த முடியாதது எது, அதைச் சொல்லுங்க” என்றார். பொதுமக்கள் பேசத் தரும் மூன்று நிமிடத்தில் அரை நிமிடம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அறிக்கையை மூடிவிட்டு ஒப்பந்தத்தைத் திறந்தோம், கடைசிப் பக்கங்களிலிருந்து.

கூட்டுக் குடும்பத்துக்குள் மருமகளாகப் போவதற்கு ஒரு நல்ல நாள் போதும், பாகப்பிரிவினைக்குத்தான் வக்கீல் வேண்டும். ஜே.பி.ஏ.வும் அப்படித்தான். சேருவதைப் பற்றி அரைப் பக்கம், விலகுவதைப் பற்றிப் பல பக்கம்.

விலகும் ஷரத்தில் முதலில் நிற்பது கடன். கலிஃபோர்னியா அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 6508.1 பிரிவு சொல்வது இது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஆணையத்தின் கடன் உறுப்பினர்களின் கடனும்தான். ஆகவே ‘இது உறுப்பினர்களின் கடன் ஆகாது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது. ஆனால் அதோடு விஷயம் முடிவதில்லை. ஆணையத்தின் ஊழியர்களுக்கான ஓய்வூதியப் பொறுப்பை இப்படி உதறிவிட முடியாதபடி 2018-ல் ஏ.பி. 1912 என்று ஒரு திருத்தம் வந்துவிட்டது. நகர வழக்கறிஞர் இதைச் சொன்னபோது ஆலோசகரே குறிப்பெடுத்துக்கொண்டார்.

கடனுக்கு நகரம் தனியாக உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் கதை வேறு. பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க் குப்பை எரிக்கும் ஆலைக்காக அங்கிருந்த ஆணையம் வாங்கிய கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. கடன் 30 கோடி டாலரைத் தாண்டியது. 2011 அக்டோபரில் அந்த நகரக் கவுன்சில் திவால் மனுவே போட்டது, நீதிமன்றம் அடுத்த மாதம் அதைத் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013-ல் ஆலையை லங்காஸ்டர் கவுண்டியின் குப்பை ஆணையத்துக்கு விற்றார்கள். ஒரு மாநிலத் தலைநகருக்கே இந்த நிலை. உத்தரவாதம் எதுவும் தருவதில்லை என்று எங்கள் குழு ஒருமனதாக எழுதிவைத்ததற்கு இந்த ஒரு உதாரணமே போதுமாக இருந்தது.

அடுத்தது டன். இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம், செலவழிக்கத் தகுந்ததும் இதுதான். ஆலை கட்டக் கடன் கொடுப்பவர்கள், வருடத்துக்கு இத்தனை டன் குப்பை கட்டாயம் வரும் என்ற உறுதியைக் கேட்பார்கள். அதற்காக உறுப்பினர் நகரங்கள் தங்கள் குப்பை முழுவதையும் ஆணையத்துக்கே அனுப்புவதாக ஒப்புக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃப்ளோ கன்ட்ரோல். இது செல்லுமா என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. நியூயார்க்கின் கிளார்க்ஸ்டவுன் ஊர் தன் குப்பையெல்லாம் ஒரு தனியார் நடத்திய நிலையத்துக்கே போகவேண்டும் என்று போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் ரத்து செய்தது. அதே நீதிமன்றம் 2007-ல், நிலையம் அரசு அமைப்புக்கே சொந்தமானால் அப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. ஆக, கட்டுப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கேள்வி, நாம் எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பது. ‘எங்கள் குப்பை எவ்வளவோ அவ்வளவும் உங்களுக்கே’ என்பது ஒன்று. ‘ஆண்டுக்கு இத்தனை டன் தருவோம், குறைந்தால் குறைந்ததற்கும் பணம் கட்டுவோம்’ என்பது முற்றிலும் வேறு. ஒரு பக்கம் குப்பையைக் குறை என்று மாநிலச் சட்டம் விரட்டுகிறது, இன்னொரு பக்கம் குறைத்தால் தண்டம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. நாங்கள் பார்த்த வரைவில் இந்த இரண்டாவது வகைதான் இருந்தது, அதுவும் இணைப்பில், பொடி எழுத்தில்.

ஆணையத்தின் பொது மேலாளரை அழைத்து இதைக் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. அந்த ஷரத்து மக்கும் குப்பைச் சட்டத்துக்கு முந்தைய காலத்தது, பழைய உறுப்பினர்கள் யாரும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை என்றார். நேர்மையான பதில். பல மாதப் பேச்சுக்குப் பிறகு எங்களுக்குக் குறைந்தபட்ச டன் கிடையாது என்று ஆனது. அதற்கு ஈடாக, வேறெங்கும் குப்பையை அனுப்பமாட்டோம் என்று உறுதி கொடுத்தோம்.

மூடிய லேண்ட்ஃபில் பற்றியும் சொல்ல வேண்டும். 1991-ல் வந்த கூட்டாட்சி விதிகளின்படி மூடிய லேண்ட்ஃபில்லை 30 ஆண்டு கண்காணித்துப் பராமரிக்க வேண்டும். நிலத்தடி நீரைச் சோதிப்பது, வாயுவைச் சேகரிப்பது, மேல்மூடியில் விரிசல் விழுந்தால் சரிசெய்வது எல்லாம் அதில் அடக்கம். ஆணையத்திடம் அப்படி ஒன்று இருந்தது. எங்கள் குப்பை ஒரு கைப்பிடிகூட அங்கே போனதில்லை. ஆனால் சேர்ந்தால் அதன் செலவு எங்கள் கட்டணத்திலும் கலந்துவரும். பழைய உறுப்பினர்கள் இதில் பிடிகொடுக்கவில்லை. எங்கள் வரவால் டிப்பிங் கட்டணம் உங்களுக்கும் குறையுமே என்றோம். முழுதாக விலக்கு கிடைக்கவில்லை, பங்கு மட்டும் குறைந்தது. இது நியாயமா என்று கேட்டால், என் வரையில் இல்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ளக்கூடிய அளவு.

தொழிலாளர்கள் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இப்போதைய நிறுவனத்தின் ஓட்டுநர்கள் சங்கத்தோடு வந்து பேசினார்கள். பழைய ஊழியர்களைக் குறைந்தது 90 நாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லும் ஒப்பந்ததாரருக்கு டெண்டரில் 10 சதவீத முன்னுரிமை தரவேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. ஆணையத்தினர் அதை அப்படியே ஏற்றார்கள்.

பொதுமக்கள் கருத்துக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடன், டன், விலகல் என்று நாங்கள் தயாராகிப் போனோம். வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது தொட்டியின் நிறத்தை. மாநில விதிப்படி மறுசுழற்சிக்கு நீலம், மக்குவதற்குப் பச்சை, மிச்சத்துக்குச் சாம்பல் அல்லது கறுப்பு, எல்லாம் 2036-க்குள் மாறவேண்டும். எங்கள் தெருவில் சாம்பல் தொட்டியில்தான் மறுசுழற்சி! எதிர்வீட்டுத் தமிழ் அண்ணன் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, “தம்பி, வண்டி செவ்வாய்க்கிழமை வருமா வராதா, அதை மட்டும் சொல்லுப்பா” என்றார். கிண்டலாகத் தோன்றலாம், ஆனால் சேவை என்றால் மக்களுக்கு அதுதான். கிழமை மாறாது என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தோம். நாங்கள் எழுதியதிலேயே அதிகம் கைதட்டல் வாங்கிய வரி.

கவுன்சில் 3-க்கு 2 என்ற கணக்கில் சேர ஒப்புக்கொண்டது. எதிர்த்த இருவரில் ஒருவருடைய காரணம் எனக்கும் உடன்பாடே: ஆணையத்தின் போர்டில் நகரத்துக்கு ஒரு ஓட்டு. சிறிய நகரமான எங்களுக்கு அது லாபம்தான், ஆனால் பெரிய நகரங்கள் அதிருப்தியாகி என்றாவது டன் கணக்கில் ஓட்டு கேட்டால் தடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. அதை எழுத்தில் வாங்க முயன்றோம், கிடைக்கவில்லை.

அதன்பின் கட்டண மாற்றம். முன்மொழிவு 218 என்ற 1996-ஆம் ஆண்டு விதியின்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் அறிவிப்பு அனுப்பி, 45 நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். பாதிக்குமேல் எழுத்து மூலமாக எதிர்ப்பு வந்தால் உயர்த்த முடியாது. அதன் பக்கத்தில்கூட எதிர்ப்பு வரவில்லை. கட்டணம் ஏறியது. பட்டை வரைபடத்தில் இருந்த மிச்சம் முதல் வருட பில்லில் தெரியவில்லை. புதிய தொட்டிகளும் பச்சைக் குப்பைச் சேவையும் அதை விழுங்கிவிட்டன. தனியாகவே இருந்திருந்தாலும் அவற்றுக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும், ஆகவே இதை ஆணையத்தின் குறை என்று சொல்லமுடியாது.

எங்கள் நகராட்சி ஊழியர் இப்போது அறிக்கை எழுதுவதில்லை. வடிகாலையும் மரத்தையும் பார்க்கிறார். ஆணையம் அடுத்ததாக மக்கும் குப்பை ஆலை ஒன்று கட்டக் கடன் பத்திரம் வெளியிட யோசிக்கிறது. அதற்கு உறுப்பினர் நகரங்களின் ஒப்புதல் வேண்டும். உத்தரவாதம் கேட்பார்களா என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன், வரைவு வந்ததும் அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது.