பசுமைக்குடிலில் ஒரு ரொறன்ரோ குளிர்காலம்

ஒக்ரோபர் பிறந்ததும் பலரும் முதலில் தேடுவது ஹீற்றரைத்தான். உண்மையில் அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். எந்தச் செடியை எத்தனை பாகை செல்சியஸில் வைத்திருக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கினால், ஒன்றில் செடி பட்டுப்போகும், இல்லையேல் மின்கட்டணம் தாங்காது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீட்டுப் பின்வளவுகளில் அதிகம் காணப்படும் 8க்கு 10 அடிக் குடிலை எடுத்துக்கொள்வோம். பக்கச் சுவர் 6 அடி உயரம், 6 மில்லிமீற்றர் இரட்டைச் சுவர் பொலிகாபனேற் (வெளிச்சம் புகும் பிளாஸ்ரிக் தகடு). கூரையும் சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 29 சதுர மீற்றர் வரும். இந்தத் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் சதுர மீற்றருக்குச் சுமார் 3.5 வாற் வெப்பத்தை இழக்கிறது. இரண்டையும் பெருக்கினால் பாகைக்கு 100 வாற். வெளியே மைனஸ் 20, உள்ளே 5 வேண்டுமென்றால் 2500 வாற். இடுக்குகளால் போகும் காற்றையும் சேர்த்தால் 3000. உள்ளே 10 பாகை கேட்டால் 3500.

சாதாரண பிளக்கில் ஓடும் ஹீற்றர் 1500 வாற்றுக்கு மேல் கிடையாது. அதுவே 12.5 அம்பியர் இழுக்கும். ஆகவே இரண்டு ஹீற்றரை ஒரே லைனில் போட்டால் பிறேக்கர் விழும், அதுவும் குளிர் உச்சத்தில் நிற்கும் விடியற்காலையில். இரண்டு தனி லைன் வேண்டும், அல்லது உரிமம் உள்ள மின்வேலையாளைக் கொண்டு 240 வோல்ற் லைன் இழுக்க வேண்டும். வெளியில் ஓடும் வயர் 12 கேஜ் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயர் சூடேறி உருகும். ஈரமான இடம் என்பதால் மின்கசிவைத் துண்டிக்கும் பிளக் பொயின்ற் கட்டாயம்.

இந்த 3000 வாற்றைக் குறைப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவின் அடி, யன்னல் விளிம்பு, கூரை முகடு, தகடுகளின் பொருத்து என்று ஒவ்வொன்றாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை சரியும் இடமெல்லாம் ஓட்டை. கதவுக்கு ரப்பர் பட்டி, நிலையான பொருத்துகளுக்குச் சிலிக்கோன். பொலிகாபனேற் தகட்டின் மேல் முனைத் துவாரங்களை அலுமினிய ரேப்பால் முழுதாக மூடவும். கீழ் முனைக்கு ஈரம் வெளியேறும் ரேப்தான் போட வேண்டும். கீழேயும் இறுக அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து வெளிச்சம் குறையும்.

டிசெம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் ரொறன்ரோவில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும். வடக்குச் சுவரால் நேர் வெயில் ஒரு பொட்டும் வராது. அந்தச் சுவரை 2 அங்குல ஃபோம் பலகையால் மூடி, உட்பக்கத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். வெளிச்சம் தெறித்துச் செடிக்குத் திரும்பும், வெப்பம் போகும் ஒரு முழுப் பக்கமும் அடைபடும். அதே பலகையைக் குடிலைச் சுற்றி 2 அடி ஆழத்துக்குப் புதைத்தால் நிலத்துக் குளிர் பக்கவாட்டில் உள்ளே ஊராது. மற்றச் சுவர்களுக்கு உட்பக்கமாகப் பெரிய குமிழ் பபிள் ரப். கொஞ்சம் வெளிச்சம் குறையும், பரவாயில்லை.

இவ்வளவும் செய்த பிறகு குடிலுக்குள் ஒரு குடில் கட்டுங்கள். செலவு குறைந்த, பயன் கூடிய வேலை இதுதான். கறிவேப்பிலைக்கு 10 பாகை வேண்டும் என்பதற்காக முழுக் குடிலையும் 10இல் வைத்திருக்க எந்த அவசியமும் இல்லை. ஒரு மூலையில் 4க்கு 4 அடி, 5 அடி உயரத்தில் சட்டம் அடித்துத் தெளிந்த பிளாஸ்ரிக்கால் மூடி, அதற்குள் சட்டிகளை வையுங்கள். வெளிக் குடில் 2 பாகை, கூடாரம் 10 பாகை. கூடாரத்தின் இழப்பு 400 வாற் அளவுதான், அந்த வெப்பமும் குடிலுக்குள்ளேயே வந்து சேரும். மொத்தத் தேவை 3500இலிருந்து 2700க்குள் இறங்கிவிடும்.

தண்ணீர்ப் பீப்பாக்களை நிறையப் பேர் நம்புகிறார்கள். 200 லீற்றர் பீப்பா 10 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு ஆறும்போது கொடுப்பது 2.3 யூனிற் வெப்பம். 2500 வாற் ஹீற்றரின் ஒரு மணி நேர வேலைகூட அது இல்லை. மார்ச் மாதத்தில் பகல் வெயிலை இரவுக்குக் கடத்த நல்லது, ஜனவரி மப்பு நாட்களில் அதை நம்பியிருக்கக் கூடாது.

புகைபோக்கி இல்லாத காஸ் ஹீற்றர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லீற்றர் தண்ணீர் ஆவியாகச் சேரும். எரிதல் சரியில்லையென்றால் எதிலீன் என்ற வாயு வந்து பூ உதிரும், இலை சுருளும். காபன் மொனொக்சைட் ஆளையே கொல்லும்.

தேர்மோஸ்ரற்றின் உணரியைச் செடியின் உயரத்தில், நிழலில், ஹீற்றரின் காற்றுப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு சின்ன மின்விசிறி இரவு பகலாக ஓடட்டும். அது இல்லாவிட்டால் முகட்டில் 12 பாகையும் தரையில் உறைபனியும் இருக்கும். ஒன்ராறியோவில் 2023இல் வந்த இரவுச் சலுகை மின்கட்டணத் திட்டம் குடில் வைத்திருப்போருக்குப் பொருந்தும்: இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை அதிகம் என்பதால் அந்நேரம் வெளிக் குடிலின் அளவை ஓரிரு பாகை இறக்கிவிடலாம்.

குளிரால் போகும் செடிகளை விட ஈரத்தால் போகும் செடிகள் அதிகம். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை இழுக்காது. கறிவேப்பிலைக்கு, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும், காலையில், அறைச் சூட்டுத் தண்ணீர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதுமாக இருக்கும். ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை உரம் கிடையாது. சட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் ஃபோம் பலகைத் துண்டின் மேல் வையுங்கள். பழுத்த இலைகளை உடனே பொறுக்கி வெளியே போடுங்கள், சாம்பல் பூஞ்சணம் அவற்றில்தான் தொடங்கும். வெயில் வரும் நண்பகலில் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றவும். இலையெல்லாம் கொட்டிவிட்டது என்று செடியை எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது, ஏப்ரலில் துளிர்க்கும்.

கீரை மட்டும் போதும் என்பவர்களுக்கு ஹீற்றரே தேவையில்லை. ஸ்பினாச்சும் கேலும் மேலே ஒரு வெள்ளை ரோ கவர் துணி போர்த்தினால் குடிலுக்குள் உறைந்து உறைந்து மீளும். ஆனால் நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விடும், வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே ஓகஸ்ட் கடைசிக்குள் விதைத்து, நவம்பருக்கு முன்பே முக்கால் பங்கு வளர்த்துவிட வேண்டும். குளிர்காலம் முழுக்கச் செய்வது அறுவடை மட்டுமே. உறைந்திருக்கும் இலையைத் தொடாதீர்கள், இளகிய பிறகு வெட்டுங்கள்.

பனி 30 சென்ரிமீற்றர் பொழிந்தால், புதுப் பனியென்றாலும் இந்தக் கூரையில் ஏறத்தாழ 220 கிலோ பாரம் ஏறும். ஈரப்பனி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மெல்லிய தும்புத்தடியால் தள்ளுங்கள், இரும்புச் சவள் தகட்டைக் கீறும்.

மின்தடைக்கும் ஆயத்தம் வேண்டும். 2013 டிசெம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. ஹீற்றர் நின்றால் குடில் ஓரிரு மணி நேரத்தில் உறைநிலைக்கு வந்துவிடும். வைஃபையில் இயங்கும் எச்சரிக்கை வெப்பமானி, கரண்ட் போகும்போது ரவுற்றரோடு சேர்ந்து வாயடைத்துவிடும். பற்றரியில் ஓடி வீட்டுக்குள் ஒலி எழுப்பும் வகையை வாங்குங்கள். கறிவேப்பிலையை ஓர் ஆள் தூக்கக்கூடிய 12 அங்குலச் சட்டிக்கு மேல் போக விடாதீர்கள், குடிலிலிருந்து வீட்டுக் கதவுவரை பனியை வழித்து வையுங்கள்.

மார்ச்சில் பிரச்சினை தலைகீழாகும். வெளியே மைனஸ் 2 இருக்கும்போதே உள்ளே 30ஐத் தாண்டும், அந்தச் சூட்டில் செஞ்சிலந்தி பெருகும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10க்கு மேல் நிற்க மே கடைசி ஆகும். அப்போதும் செடியை வெளியே வைப்பது முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, பத்து நாளில்தான் முழு வெயிலுக்கு.